பெட்டிக்குள் இருக்கும் ஒழுங்கு



நூலகத்துக்குப் போய்ப் பழகியவர்கள் ஆவணக் காப்பகத்துக்குள் முதன்முறை நுழையும்போது சற்றுத் திகைத்துத்தான் போவார்கள். நூலகத்தில் சமயத்துக்கு ஓர் அலமாரி, வரலாற்றுக்கு ஓர் அலமாரி, கதைகளுக்கு ஓர் அலமாரி என்று பொருள்வாரியாகப் புத்தகங்கள் நிற்கும். வேண்டிய அலமாரியின் முன் போய் நின்றால் போதும். ஆவணக் காப்பகத்தில் 'தமிழ்ப் பள்ளிகள்' என்றோ 'கோயில்கள்' என்றோ அலமாரி கிடையாது. அங்கே பெட்டிகளின்மேல் ஓர் அலுவலகத்தின் பெயர் இருக்கும். ஒரு சங்கத்தின் பெயர் இருக்கும். ஒரு மனிதரின் பெயர் இருக்கும். எதைப் பற்றிய தாள் என்பது இரண்டாவது கேள்வி. யாருடைய தாள் என்பதே அங்கு முதற்கேள்வி.

இந்த வழக்கம் ஏன் வந்தது, தனி மனிதர்களின் தாள்களையும் சங்கங்களின் தாள்களையும் அங்கே எப்படி அடுக்குகிறார்கள், எப்படி விவரித்து எழுதுகிறார்கள் என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். 'இதெல்லாம் படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன?' என்று வானொலியை மூடிவிடாதீர்கள். நம்மில் பலர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளில் பாத்திரம் பண்டங்களோடு லோரியில் ஏறி வந்த பெட்டி அது. இந்தப் பேச்சு அந்தப் பெட்டியைப் பற்றியதும்தான்.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். புத்தகம் தனியாக நின்று பேசும். அதை எழுதியவர், முன்பின் அறியாத வாசகருக்காக எழுதினார். ஒரு பிரதி தொலைந்தால் இன்னொன்று வாங்கலாம். கடிதமும் கணக்கும் அப்படியல்ல. அவை ஏதோ ஒரு வேலை நடக்கும்போது, அந்த வேலைக்காகவே பிறந்தவை. 'நீங்கள் கேட்டபடி செய்தாயிற்று' என்று ஒரு கடிதம் இருந்தால், யார் கேட்டார், என்ன கேட்டார் என்பது அதற்கு முந்திய கடிதத்தில்தான் இருக்கும். பக்கத்தில் இருக்கும் தாளை எடுத்துவிட்டால் இந்தத் தாள் ஊமையாகிவிடும்.

நம் நாட்டு உதாரணத்துக்கு வருவோம். தேசிய ஆவணக் காப்பகம், அதாவது ஆர்க்கிப் நெகாரா, 1957 டிசம்பர் முதல் தேதி பொதுப் பதிவேட்டு அலுவலகம் என்ற பெயரில் தொடங்கியது. மெர்டேக்கா கிடைத்து மூன்றே மாதங்கள் ஆகியிருந்தன. இப்போதைய பெயர் 1963இல் வந்தது. கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா என்று நாம் அறிந்திருந்த சாலையில் (இப்போது அது ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம்) 1982 முதல் அதன் பெரிய கட்டடம் இருக்கிறது. அங்கிருக்கும் பெருஞ்செல்வங்களுள் ஒன்று சிலாங்கூர் செயலகக் கோப்புகள். அவை 1875இல் தொடங்குகின்றன. அப்போது மாநிலத்தின் நிர்வாகம் கிள்ளானில் இருந்தது. 1880இல்தான் கோலாலம்பூருக்கு மாறியது.

அந்தக் கோப்புகளுக்கு எண் எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு தொடர் எண், ஒரு சாய்கோடு, ஓர் ஆண்டு. அவ்வளவே. செயலகத்துக்கு ஒரு கடிதம் வந்ததும் அவ்வாண்டின் அடுத்த எண்ணைக் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றினார்கள். அதன்மேல் ஓர் அதிகாரி குறிப்பெழுதினார்; அடுத்தவர் அதன்கீழ் எழுதினார். இன்றைக்கு ஒருவர் நல்லெண்ணத்தோடு போய், தண்ணீர்க் குழாய் பற்றியவையெல்லாம் ஒரு பக்கம், கள்ளுக்கடை பற்றியவையெல்லாம் ஒரு பக்கம் என்று அவற்றைக் கலைத்து அடுக்கினால் என்ன ஆகும்? அன்றைய எழுத்தர்கள் எழுதி வைத்த பதிவேடு பயனற்றுப் போகும். ஒரு குறிப்பில் 'அந்த எண்ணுள்ள கோப்பைக் காண்க' என்று எழுதியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழியிராது. ஒரே கடிதம் குழாயைப் பற்றியும் கள்ளுக்கடையைப் பற்றியும் பேசினால் அதை எந்தப் பக்கம் வைப்பது என்ற வழக்கு வேறு வந்து சேரும்.

ஐரோப்பாவில் இந்தப் பாடத்தைப் பட்டுத்தான் கற்றார்கள். பிரான்சில் பழைய மடங்கள், மன்றங்கள், பிரபுக் குடும்பங்கள் ஆகியவற்றின் தாள்களெல்லாம் அரசு கைக்கு வந்து மலையாகக் குவிந்தபோது, அறிவாளிகள் அவற்றைப் பொருள்வாரியாகப் பிரிக்கத் தொடங்கினார்கள். பிரிக்கப் பிரிக்கக் குழப்பம் மிஞ்சியது. கடைசியில் 1841 ஏப்ரல் 24இல் ஒரு சுற்றறிக்கை வந்தது. நத்தாலிஸ் தெ வாய்யி என்பவர் அதன் பின்னணியில் இருந்தார். ஓர் அமைப்பிலிருந்தோ குடும்பத்திலிருந்தோ தனி மனிதரிடமிருந்தோ வந்த தாள்களை ஒன்றாகவே வைக்க வேண்டும், பிறருடையதோடு கலக்கக் கூடாது என்பது அதன் சாரம். பின்னர் 1898இல் முல்லர், ஃபைத், ஃபிருயின் என்ற மூன்று டச்சுக்காரர்கள் நூறு விதிகள் கொண்ட ஒரு கையேட்டை எழுதினார்கள். தாள்களை உண்டாக்கியவர் எந்த ஒழுங்கில் வைத்திருந்தாரோ அந்த ஒழுங்கையும் காப்பாற்ற வேண்டும் என்று அது வற்புறுத்தியது. யாருடையது என்பதைக் கலக்காதே. அவர் வைத்த ஒழுங்கைக் கலைக்காதே. உலகெங்கும் ஆவணக் காப்பாளர்கள் இன்றும் பிடித்துக்கொண்டு நடக்கும் இரு கோல்கள் இவை.

எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு இது உடனே மனத்தில் ஏறாது. எதையும் பாடவாரியாகப் பிரித்தே பழகிவிட்டோம்! ஆனால் இந்த விதி தெரிந்திருந்தால் தேடுவது எவ்வளவு எளிதாகிறது என்பதற்கு எங்கள் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன்.

தோட்டப் பள்ளிகள் பல இன்று தோட்டத்தில் இல்லை. தோட்டம் வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பள்ளிப் பெயரில் மட்டும் 'லாடாங்' என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளி ஆண்டு விழா வந்தால், 'நம் பள்ளி எப்போது தொடங்கியது?' என்ற கேள்வி எழும். உடனே கல்வித் துறையின் பழைய கோப்புகளைத் தேடுவோம். கிடைக்காது, அல்லது அரைகுறையாகக் கிடைக்கும். ஏன்? 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் அவர்களுக்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்று சொன்னது. பள்ளியை நடத்தியது தோட்ட நிர்வாகம். வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்ததும் தோட்டம்தான். ஆயாக் கொட்டகைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே கணக்குப் புத்தகம்கூட இருந்திருக்கலாம். ஆகவே தொழிலாளர் துறையின் கோப்புகளையும் தோட்டக் கம்பெனியின் தாள்களையும் தேட வேண்டும். கம்பெனி லண்டனில் பதிவானதாக இருந்தால், கடல் கடந்தும் தேட வேண்டியிருக்கும். ஹாரிசன்ஸ் அண்டு கிராஸ்ஃபீல்டு என்ற பெரிய நிறுவனத்தின் தாள்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பொருள் கல்விதான், தாளோ துரையின் அலுவலகத்தில் பிறந்தது. பிறந்த இடத்தைக் கேட்டால் இருக்கும் இடம் தெரியும்.

இதிலிருந்து இன்னொன்றும் புலப்படும். தாள் யாருடையதோ அவர் கண்ணால்தான் உலகத்தைக் காட்டும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பள உயர்வோடு வேறு சில கோரிக்கைகளும் இருந்தன. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது இன்னொன்று. அவ்வாண்டு மே மாதம் தலைவர் ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டார். பின் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். இவற்றையெல்லாம் எழுதிய வரலாற்றாசிரியர்கள் பெரிதும் நம்பியிருப்பது அரசாங்கத்தின் கோப்புகளை. அவற்றில் கோரிக்கைகள் இருக்கின்றன. போலீஸ் அறிக்கைகள் இருக்கின்றன. ஆனால் லயத்து வாசலில் இரவு கூடிப் பேசியபோது சைக்கிள் விஷயத்தை முதலில் எழுப்பியவர் யார், அதைக் கேட்டு யார் தயங்கினார், யார் துணிந்தார் என்பதை அரசு எழுத்தர் எப்படி அறிவார்? அதைச் சொல்ல வேண்டியவை சங்கத்தின் குறிப்பேடும் தொழிலாளியின் கடிதமும். அவை பெட்டியில் இருந்திருக்கும். பெட்டி எங்கே என்பதுதான் கேள்வி.

இனி அந்தப் பெட்டியைத் திறப்போம். ஒரு தோட்டத்தில் தொழிற்சங்கக் கிளைச் செயலாளராக இருந்த ஒருவரை நாமாகவே கற்பனை செய்துகொள்வோம். 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவான பிறகு, தோட்டந்தோறும் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். பகலில் பால்மரம் வெட்டுவார்; மாலையில் மனு எழுதுவார். கோயில் கமிட்டியிலும் அவரே கணக்கர். அவர் காலமாகிவிட்டார். பெட்டியில் சந்தா ரசீதுக் கட்டைகள், கூட்டக் குறிப்பேடு, மேனேஜருக்கு எழுதிய கடிதங்களின் கார்பன் நகல்கள், சங்கத் தலைமையகத்திலிருந்து வந்த சுற்றறிக்கைகள், திருவிழா வரவு செலவு, கூட்டுறவுச் சங்கப் பங்குப் புத்தகம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள், ஊரிலிருந்து தம்பி எழுதிய கடிதங்கள், திருமண அழைப்புகள், நாலைந்து போட்டோக்கள் எல்லாம் கிடக்கின்றன.

பேரப்பிள்ளை ஒருவர் அக்கறையோடு உட்காருகிறார். சங்கத்துக்கு ஒரு குவியல், கோயிலுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று என்று மளமளவென்று பிரிக்கிறார். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் இடையில் ஒரு குண்டூசி குத்திய கட்டு இருந்தது. மேலே, லயத்துத் தண்ணீர்க் குழாய் பழுது என்று மேனேஜருக்கு எழுதிய கடிதத்தின் நகல். அதன்கீழ், 'கவனிக்கப்படும்' என்று ஒரே சொல்லில் வந்த பதில். அதற்கும்கீழ், அந்த மாதத்தில் தம் குழந்தை ஆஸ்பத்திரியில் கிடந்ததற்கான சீட்டு. நகல் சங்கக் குவியலுக்குப் போயிற்று. பதில் நிர்வாகக் குவியலுக்கு. சீட்டு குடும்பக் குவியலுக்கு. இப்போது மூன்றும் சாதாரணத் தாள்கள். குண்டூசி ஒன்றுதான் அந்த மனிதர் ஏன் சங்கத்துக்காக அப்படி உழைத்தார் என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

காப்பகத்தார் அந்தக் குண்டூசியையும் எடுத்துவிடுவார்கள், துருப்பிடித்துத் தாளைத் தின்னும் என்பதால். ஆனால் மூன்று தாளையும் ஒரே மடிப்புத்தாளுக்குள் வைத்து, 'சேர்த்துக் குத்தப்பட்டிருந்தவை' என்று பென்சிலால் எழுதுவார்கள்.

அப்படியானால் இந்தப் பெட்டி மனிதருடையதா, சங்கத்தினுடையதா? நியாயமான கேள்வி. குறிப்பேடு கிளைச் சங்கத்தின் சொத்து. வரவு செலவு கோயில் கமிட்டியின் சொத்து. பிறப்புப் பத்திரம் குடும்பத்தின் சொத்து. ஆனாலும் எல்லாம் ஒருவர் கையில், ஒரே பெட்டியில் சேர்ந்து வாழ்ந்திருக்கின்றன. காப்பகம் பெரும்பாலும் அவற்றைப் பிரிக்காது. அவர் பெயரில் ஒரே தாள்தொகுதியாக வைத்து, அதற்குள் சங்கத் தாள்கள் ஒரு வரிசை, கோயில் தாள்கள் ஒரு வரிசை, குடும்பத் தாள்கள் ஒரு வரிசை என்று அவர் வைத்திருந்த கட்டுகளை ஒட்டியே பகுக்கும். தலைமையகம் அவருக்கு அனுப்பிய கடிதம் அவர் பெட்டியில் இருந்தால் அது அவர் தொகுதியைச் சேர்ந்தது. அதன் நகல் தலைமையகத்தில் இருந்தால் அது தலைமையகத்தின் தொகுதியைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே வாசகந்தானே என்று ஒன்றை எறிந்துவிடக் கூடாது. பெற்றவர் ஓரத்தில் என்ன கிறுக்கி வைத்தார் என்பது அனுப்பியவரிடம் இராது.

பங்குப் புத்தகமும் அப்படித்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கச் செய்தார். சங்கத்தின் பேரேட்டில் ஓர் உறுப்பினர் ஒரு வரி. அந்த உறுப்பினரின் பெட்டியிலோ, பங்குப் புத்தகத்தின் நடுவில் அந்த மாதம் அடகு வைத்த தாலிக்கொடியின் ரசீது செருகியிருக்கலாம். நிறுவனத் தாளும் தனி மனிதர் தாளும் ஒன்றுக்கொன்று சாட்சி.

எல்லாப் பெட்டியும் ஒழுங்காக இருக்குமா என்று கேட்பீர்கள். கோணிப்பையில் அள்ளிக் கொட்டி வந்த தாள்களும் உண்டு. அவற்றில் காப்பாற்ற ஒழுங்கு எதுவும் இல்லை. அப்போது காப்பாளரே ஓர் ஒழுங்கை உண்டாக்கலாம். ஆனால் 'இவ்வொழுங்கு எம்முடையது' என்று எழுதி வைக்கக் கடமைப்பட்டவர். அதில் ஒரு நேர்மை இருப்பதாக எனக்குப் படுகிறது.

இங்கே சேகரிப்பாளர் என்ற இன்னொரு வகையினரையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்பவர், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர், பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் திருமண அழைப்பு, நாடக நோட்டீசு போன்ற துண்டுத் தாள்களையும்கூடத் தேடித் தேடிச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்தபின், சிகாகோ பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கிச் சென்னையிலேயே வைக்க, 1994இல் அது ஆராய்ச்சி நூலகமாயிற்று. அது ஆசையால் சேர்ந்த சேகரிப்பு. நம் செயலாளரின் பெட்டி வேலையால் சேர்ந்தது. இரண்டும் வேண்டியவையே, ஆனால் வேலையால் சேர்ந்ததில் ஒரு தாளைத் தனியே உருவினால் சேதம் அதிகம். நாளிதழிலும் இதைக் காணலாம். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனின் அச்சான இதழ்கள் நூலகத்துக்கு உரியவை. ஒரு பத்திரிகை அலுவலகத்தின் கடிதக் கட்டுகளும் சம்பளப் பேரேடும் ஆவணக் காப்பகத்துக்கு உரியவை.

அடுக்கியாயிற்று. இனி விவரித்து எழுதுவது எப்படி? அனுபவமில்லாதவர் முதல் தாளை எடுத்து, 'இது 1961இல் எழுதிய கடிதம்' என்று தொடங்கி, மூவாயிரம் தாளுக்கும் எழுதப் பார்ப்பார். இருநூறாவது தாளில் சோர்ந்துவிடுவார். காப்பகத்தில் மேலிருந்து கீழே வருவார்கள். முதலில் முழுத் தொகுதிக்கும் ஒரு விவரம். பிறகு ஒவ்வொரு வரிசைக்கும். பிறகு ஒவ்வொரு கோப்புக்கும். தேவையும் ஆளும் இருந்தால் மட்டும் தனித் தாளுக்கு. மேலே ஒருமுறை சொன்னதைக் கீழே திரும்பச் சொல்வதில்லை. எங்கள் பள்ளி, அதில் ஐந்தாம் ஆண்டு, அதில் ஒரு மாணவன் என்பது போல. மாணவன் பெயருக்கு நேரே பள்ளி முகவரியை ஒவ்வொரு வரியிலும் எழுதுகிறோமா என்ன?

அனைத்துலக ஆவணக் காப்பக மன்றம் 1994இல் இதற்கென ஒரு பொது விதித் தொகுப்பை வெளியிட்டது. திருத்திய பதிப்பு 2000இல் வந்தது. அதில் இருபத்தாறு கூறுகள் சொல்லப்பட்டாலும், இன்றியமையாதவை ஆறுதான். குறியீட்டு எண், தலைப்பு, தாள்களை உண்டாக்கியவர், காலம், அளவு, எந்தப் படிநிலை என்பது. அளவு என்றால் எத்தனை பெட்டி, அலமாரியில் எத்தனை சென்டிமீட்டர் என்பது. நம் செயலாளரின் பெட்டிக்கு இப்படி எழுதலாம்:

"தோட்டத் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் ஒருவரின் தாள்கள், 1956 முதல் 1983 வரை. இரண்டு பெட்டி, 25 சென்டிமீட்டர். தமிழிலும் ஆங்கிலத்திலும் சில மலாயிலும். பால்மரம் வெட்டும் தொழிலாளி. தோட்டத்து மாரியம்மன் கோயில் கணக்கரும் ஆவார். தோட்டம் விற்கப்பட்டபோது குடும்பத்தார் எடுத்து வந்து வீட்டில் வைத்திருந்தது. கட்டுகள் அவர் கட்டியபடியே உள்ளன."

பாருங்கள், தாள் எப்படிக் கைமாறி வந்தது என்பதையும் எழுதிவிட்டோம். அது வீண் விவரமன்று. நடுவில் யாராவது பொறுக்கி எடுத்தார்களா, நீரில் நனைந்ததா என்பதெல்லாம் ஆராய வருபவருக்குத் தெரிய வேண்டும்.

விவரிக்கும்போது நம்மவரைப் பொறுத்தமட்டில் பெருந்தொல்லை பெயர்தான். இராமசாமி என்ற ஒரே ஆளைத் துரையின் கிராணி ஒரு விதமாக, ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒரு விதமாக, அடையாளக் கார்டு எழுதியவர் வேறு விதமாக ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். தகப்பன் பெயர் ஒன்றில் இருக்கும், மற்றொன்றில் இராது. பெண்கள் பாடு இன்னும் மோசம். பல தாள்களில் 'இன்னார் மனைவி' என்பதோடு சரி. எனவே ஓர் ஆளுக்கு ஒரு தலைப்பெயரை நிலையாக வைத்துக்கொண்டு, மற்ற எழுத்து வடிவங்களையெல்லாம் அதன்கீழ்க் குறிக்க வேண்டும். தாளில் இருப்பதைத் திருத்தவும் கூடாது. தேடுபவரைத் திண்டாட விடவும் கூடாது.

ஊர்ப் பெயரும் அப்படியே. நான் இப்பேச்சை எழுதும் ஸ்ரீ கெம்பாங்கான், அவசரகாலத்தில் புதுக்கிராமமாக உருவானபோது செர்டாங் பாரு என்று அறியப்பட்டது. இன்றைய பலகைகளில் 'செரி' என்று இருக்கும். பழைய தாள்களில் 'ஸ்ரீ' என்றும் இருக்கும். போர்ட் சுவெட்டன்ஹாம் 1972இல்தான் போர்ட் கிள்ளான் ஆயிற்று. தோட்டங்களுக்கோ கம்பெனிப் பதிவில் ஒரு பெயர், தமிழர் வாயில் ஒரு பெயர். கம்பெனிப் பெயர் எந்தப் பேரேட்டிலாவது இருக்கும். தமிழர் வாயில் இருந்த பெயரைப் பெட்டிக்கு உரியவர் வீட்டாரிடம் இன்றே கேட்டு எழுதாவிட்டால், நாளைக்குச் சொல்ல ஆளிராது.

சில வேளைகளில் ஒருவருடைய தாள்களே இரண்டு இடங்களில் போய்ச் சேரும். மலாக்காவைச் சேர்ந்தவரும் மலாயன் சீனர் சங்கத்தின் முதல் தலைவருமான துன் டான் செங் லொக்கின் தாள்கள், ஒரு பகுதி ஆர்க்கிப் நெகாராவில் 'எஸ்.பி. 13' என்ற குறியீட்டின்கீழ் இருக்கிறது. இன்னொரு பகுதி சிங்கப்பூரில், தென்கிழக்காசிய ஆய்வுக் கழகத்தில் இருக்கிறது. நடுவே ஒரு நாட்டு எல்லை. இரண்டையும் ஒன்றுசேர்க்க முடியாமற்போனாலும், இங்குள்ள விவரப் பட்டியல் அங்குள்ளதைச் சுட்டினால் ஆய்வாளர் வழி தவற மாட்டார். அண்ணன் வீட்டில் பாதியும் தங்கை வீட்டில் பாதியுமாகக் கிடக்கும் நம் குடும்பத் தாள்களுக்கும் இதே வழிதான். சண்டை போட்டுச் சேர்க்க வேண்டாம். ஒரு பட்டியலில் மற்றதைக் குறித்தால் போதும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று இன்னும் ஐயமிருந்தால், 1968ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அவ்வாண்டு வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்தும் குடியுரிமைத் தாள் இல்லாத நம்மவர் எத்தனையோ பேர் கப்பலேறினார்கள். அப்போது ஒரு பிறப்புப் பத்திரத்தின் விலை என்ன என்பதை அக்குடும்பங்கள் அறியும். செக்ரோலில் பெயர் இருந்தது. ஆனால் செக்ரோல் துரையின் அலுவலகத்தில் இருந்தது. தொழிலாளி கையில் இருந்தவை அவர் பெட்டியில் இருந்த தாள்கள் மட்டும்.

வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. கரையானும் இராமபாணப் பூச்சியும் நம் ஈரப் பருவத்தில் ஓயாது வேலை செய்யும். பெட்டியைத் தரையில் வைக்காமல், காற்றோட்டமான இடத்தில் உயர்த்தி வையுங்கள். ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டுப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள். கிழிந்ததை ஒட்டுநாடாவால் ஒட்டாதீர்கள். பசை பழுத்து எழுத்தைத் தின்றுவிடும். பழைய பத்திரங்களைக் கடையில் கொடுத்துச் சூடேற்றிப் பிளாஸ்டிக் உறை போடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். போட்ட உறையைப் பிறகு கழற்ற முடியாது. உள்ளே தாள் பழுத்தாலும் யாரும் ஒன்றும் செய்ய இயலாது. எழுத வேண்டியிருந்தால் பென்சிலால், பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள்.

கைப்பேசியில் படம் எடுத்துவிட்டால் தாளை எறிந்துவிடலாமே என்கிறார்கள் இளைஞர்கள். எடுங்கள், நல்லதுதான். ஆனால் கட்டில் இருந்த வரிசையிலேயே, வெற்றுப் பின்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள். எந்தப் பெட்டி, எந்தக் கட்டு என்று எழுதிய ஒரு துண்டுத் தாளை ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் வைத்துப் படமெடுங்கள். இல்லாவிட்டால் ஆயிரம் படங்கள் திருமணப் படங்களோடு கலந்து, கோணிப்பை கைப்பேசிக்குள் குடியேறியதாக ஆகும். கோயில் கமிட்டிகள் இப்போது வாட்ஸ்அப்பிலேயே கூட்டம் நடத்தி முடித்துவிடுகின்றன. செயலாளர் கைப்பேசியை மாற்றினால் அந்த ஆண்டின் தீர்மானங்கள் போயின. மாதம் ஒருமுறையாவது அவற்றைத் தனியே சேமித்து, அச்செடுத்துக் குறிப்பேட்டில் வைப்பது பெரிய வேலையன்று.

காப்பகத்துக்குக் கொடுக்க எண்ணினால், பெட்டியைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டு வர வேண்டியதில்லை. அரசு அலுவலகத் தாள்களை அழிக்க 2003ஆம் ஆண்டுத் தேசிய ஆவணக் காப்பகச் சட்டப்படி அனுமதி வேண்டும். தனியார் தாள்களோ உரியவர் மனம் வைத்தால்தான் வரும். முதலில் எழுதிக் கேளுங்கள். அவர்கள் வந்து பார்ப்பார்கள். எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள் என்பதுமில்லை. கொடுக்கும்போது நிபந்தனையும் கேட்கலாம். பெட்டியில் இருக்கும் கடிதங்கள் நம்முடையவை மட்டுமல்லவே. யாரோ ஒரு பெண் தன் துயரத்தை எழுதியிருப்பாள், யாரோ ஒருவர் பட்ட கடனைச் சொல்லியிருப்பார். அவற்றை இன்ன ஆண்டு வரை திறக்கக் கூடாது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எதைக் கொடுத்தோம் என்ற பட்டியலில் இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். கோயில், சங்கம் போன்றவற்றின் தாளென்றால் கமிட்டித் தீர்மானமும் வேண்டும்.

பட்டியல் எழுதும்போது, இருப்பதை எழுதுவது போலவே இல்லாததையும் எழுத வேண்டும். நல்ல காப்பாளர்கள் இதில் கண்டிப்பானவர்கள். 'கூட்டக் குறிப்பேடு, மூன்று. முதலாவது 1956 முதல் 1963 வரை. மூன்றாவது 1971 முதல் 1983 வரை. இரண்டாவது கிடைக்கவில்லை' என்று எழுதுவார்கள். அப்படி எழுதியதைப் படிக்கும் யாரோ ஒருவர், கிள்ளானிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ, தம் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும் சிவப்பு அட்டைப் புத்தகத்தை இறக்கி, முதற்பக்கத்துத் தேதியைப் பார்க்கக்கூடும்.